நிறமே பழுதுரைக்கும்

கைமாறி வந்த வரைகலை அட்டை ஒன்று அண்மையில் என் மேசைக்கு வந்தது. தன் முதற்பணியில் அதற்கு எக்குறையும் இல்லை. விசிறிகள் சீராகச் சுழன்றன. திரையில் காட்சி தெளிவாக விரிந்தது. ஆயினும் அதன் விளிம்பில் வரிசையாக அமைந்த பன்னிரண்டு நுண்விளக்குகளில் ஐந்து மட்டுமே நிலைத்து எரிந்தன. எஞ்சிய ஏழும் கணினியை இயக்கியவுடன் ஒளிர்ந்து, அட்டை சூடேறியதும் ஒருசேர அணைந்தன. குளிர்ந்தபின் மீண்டும் ஒளிர்ந்தன. விற்றவர் "விளக்கு போய்விட்டது" என்று சொல்லி விலையைக் குறைத்திருந்தார்.

விளக்குப் பழுதுக்கு ஒரு மொழி உண்டு. எந்த நிறம் மறைந்தது? எத்தனையாவது விளக்கில் மறைந்தது? எப்பொழுது மறைந்தது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்டவர், பற்றாசுக் கோலைக் கையில் எடுக்கும் முன்பே பழுதின் இருப்பிடத்தை ஏறத்தாழ அறிந்துவிடுவார். அம்மொழியைப் படிக்க, ஒளி பிறக்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

மூன்று நிறங்களின் பிறப்பு

எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் இருமுனையம் ஒரு குறைகடத்தித் துணுக்கு. அதனுள் மின்னோட்டம் பாயும்போது எதிர்மின்னிகள் துளைகளோடு சேர்கின்றன. அச்சேர்க்கையில் விடுபடும் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. அந்த ஆற்றலின் அளவே நிறத்தை முடிவுசெய்கிறது. சிவப்பொளிக்கு ஆற்றல் குறைவு. ஆதலால் சிவப்பு விளக்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டு மின்னழுத்தம் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் ஏறத்தாழ 3 வோல்ட்டு வேண்டும். பழுதாய்வுக்கு இச்சிறு வேறுபாடு பெருந்துணையாகும்.

கண்ணுக்குப் புலப்படும் சிவப்பொளி தரும் இருமுனையத்தை நிக் ஒலோனியாக் 1962ஆம் ஆண்டில் உருவாக்கினார். ஒளிமிக்க நீலமோ மேலும் முப்பதாண்டுகள் கைக்கு எட்டவில்லை. காலியம் நைட்ரைடு என்னும் பொருளைத் தூய படிகமாக வளர்ப்பது அத்துணைக் கடினமாக இருந்தது. அதனைச் சப்பானிய அறிவியலாளர்களான இசாமு அகசாகி, இரோசி அமானோ, சூச்சி நகமுரா ஆகியோர் வென்றனர். 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு மூவருக்கும் வழங்கப்பட்டது. நீலம் கிடைத்த பின்னரே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வெண்மை காண்பது கைகூடியது. இன்று ஐந்து மில்லிமீட்டர் சதுரத்துக்குள் மூன்று நிறத் துணுக்குகளும் ஒன்றாக உறைகின்றன.

வெண்மை என்னும் உரைகல்

பழுதறிய விரும்புவோர் முதலில் விளக்குகள் அனைத்தையும் வெண்மைக்கு மாற்றுதல் நன்று. மூன்று நிறங்களும் ஒருங்கே எரிந்தால்தான் வெண்மை பிறக்கும். எனவே எது குறைந்தாலும் அது உடனே தெரிந்துவிடும். வெண்மை கேட்டு மஞ்சள் வந்தால் நீலம் இல்லை. நீலப்பச்சை வந்தால் சிவப்பு இல்லை. செவ்வூதா வந்தால் பச்சை இல்லை. வெண்மை மங்கிச் செம்மை படர்ந்தால் மூன்றும் உள்ளன. ஆனால் மின்னழுத்தம் போதவில்லை. 3 வோல்ட்டு வேண்டும் நீலமும் பச்சையும் முதலில் சோர, 2 வோல்ட்டில் நிறைவுறும் சிவப்பு இறுதிவரை நிற்கிறது. தளர்ந்த இணைப்பியும் களிம்பேறிய ஊசியும் இந்நிலைக்கு இட்டுச்செல்லும்.

குறைபாடு எல்லா விளக்குகளிலும் உள்ளதா, சிலவற்றில் மட்டும் உள்ளதா என்பது அடுத்த வினா. இதற்கு விடை காண, விளக்கு வரிசைகளின் இருவகை அமைப்பை அறிய வேண்டும்.

முதல்வகை நான்கு கம்பிகள் கொண்டது. ஒன்று மின்னூட்டம் தரும். ஏனைய மூன்றும் நிறத்துக்கு ஒன்றாகத் திரும்பும். வரிசை முழுவதும் ஒரே நிறத்தையே காட்டும். இதில் எல்லா விளக்குகளும் ஒருசேர நீலத்தை இழந்தால், நீலத்துக்குரிய கம்பி அறுந்திருக்கும். அல்லது அதனை இயக்கும் டிரான்சிஸ்டர் பழுதாகியிருக்கும். பன்னிரண்டு நீலத் துணுக்குகள் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை.

இரண்டாம் வகை மூன்று கம்பிகள் கொண்டது: மின்னூட்டம், தரை, தரவு. ஒவ்வொரு விளக்கினுள்ளும் ஒரு நுண்சில்லு அமர்ந்திருக்கும். கட்டுப்படுத்தி அனுப்பும் தரவோடையில் முதல் 24 துணுக்கங்களை (பிட்களை) முதல் விளக்கு தனக்கென எடுத்துக்கொண்டு, எஞ்சியதை அடுத்த விளக்குக்குக் கடத்தும். அதுவும் தன் பங்கை எடுத்து அப்பால் அனுப்பும். நிறத்துக்கு 256 படிநிலைகளாக, 1,67,77,216 நிறச்சாயல்களை இவ்வாறு ஆளலாம். பரவலாக வழங்கும் டபிள்யூ.எசு. 2812பி வகையில் ஒரு விளக்குக்கான ஆணை நொடியில் பத்து இலட்சத்தில் 30 பங்குக்குள் சென்று சேர்கிறது. பந்தியில் இலையைக் கைமாற்றுவது போன்ற ஒழுங்கு இது. இடையில் ஒருவர் கைவிட்டால் அவருக்கு அப்பால் எவருக்கும் இலை சேராது. ஆகவே இவ்வகையில் ஒரு விளக்குக்குப்பின் அனைத்தும் இருண்டால், முதலில் ஆராயத்தக்கவை இரண்டு: இறுதியாக ஒளிரும் விளக்கின் வெளியேறு முனையும், முதலில் இருண்ட விளக்கின் உள்வரு முனையும்.

திருப்புளியை எடுக்கும் முன்

கைமாறிய அட்டைகளில் அணைந்த விளக்கெல்லாம் பழுதான விளக்கல்ல. முன்னாள் உரிமையாளர் விளக்கை அணைத்து வைத்திருக்கலாம். பல அட்டைகளின் கட்டுப்படுத்திகள் அவ்வமைப்பைத் தம் நினைவகத்தில் காத்துவைக்கும். கணினியைத் தொடங்கி, இயங்குதளம் எழும்வரை விளக்கைக் கவனியுங்கள். தொடக்கத்தில் ஒளிர்ந்து, இயங்குதளம் எழுந்ததும் அணைந்தால் பழுது மென்பொருளில் உள்ளது. ஒளியை ஆளும் மென்பொருள்கள் இரண்டு ஒரே கணினியில் இருந்தால், ஒன்றன் ஆணையை மற்றொன்று அழிக்கும். ஒன்றை நீக்கிவிட்டு ஆய்தல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. விளக்குக் கட்டுப்படுத்தி, ஐ-சதுர-சி எனப்படும் இருகம்பித் தடத்தின் வழியே ஆணை பெறுவது வழக்கம். அதே வகைத் தடத்தில் மின்னழுத்தத்தை ஆளும் சில்லுகளும் இணைந்திருக்கக்கூடும். எம்முகவரியில் எது உள்ளதென்று அறியாமல் மதிப்புகளை எழுதிப்பார்ப்பது, விளக்குக்காக அட்டையையே பணயம் வைப்பதாகும்.

மென்பொருளில் குறையில்லை எனத் தெளிந்தபின் திருகுகளைப் பாருங்கள். அவற்றின் தலையில் கீறல் இருந்தால் அட்டை முன்பே திறக்கப்பட்டிருக்கிறது. வெப்பப்பசை மாற்றத் திறந்தவர் விளக்கின் சிறு இணைப்பியை மீண்டும் செருக மறந்திருக்கலாம். இழுத்ததில் கம்பி அறுந்திருக்கலாம். ஒளியற்ற அட்டைகள் பல, ஓர் இணைப்பியை அழுத்திய அளவிலேயே உயிர்பெறுகின்றன.

ஆறாம் விளக்கின் முன்

என் மேசையிலிருந்த அட்டைக்கு வருவோம். ஐந்து விளக்குகள் தூய வெண்மை காட்டின; ஆறு முதல் பன்னிரண்டு வரை சூட்டில் அணைந்தன. தரவோட்டம் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் அறுகிறது என்பதையும், சூடு அந்த அறுபடலை விரிக்கிறது என்பதையும் ஒளியே உரைத்துவிட்டது.

ஒருவேளை மின்னூட்டமே நின்றதோ என்னும் ஐயத்தைத் தீர்க்க, விளக்குகள் அணைந்திருந்த நிலையில் ஆறாம் விளக்கின் மின்னூட்டக் காலிலும் தரைக் காலிலும் மல்டிமீட்டரை வைத்தேன். 4.9 வோல்ட்டு காட்டியது. உணவு வந்திருக்கிறது, செய்திதான் வரவில்லை.

கணினியை அணைத்து, மின்வடத்தைக் கழற்றி, அட்டையை வெளியே எடுத்தேன். ஐந்தாம் விளக்கின் வெளியேறு முனைக்கும் ஆறாம் விளக்கின் உள்வரு காலுக்கும் இடையே தொடர்ச்சியை ஆய்ந்தபோது மீட்டர் ஒலித்தது. ஒரு கணம் என் முடிவே தவறோ என்று தயங்கினேன். பிறகு ஆய்வுமுனையின் அழுத்தத்தைத் தளர்த்தினேன், ஒலி நின்றது. மீண்டும் அழுத்தினேன், ஒலித்தது. என் கையின் அழுத்தமே விரிசலை மூடிக்கொண்டிருந்தது! உருப்பெருக்கியின் கீழ், அக்காலைச் சுற்றி மயிரிழையினும் மெல்லிய கருவளையம் ஒன்று தெரிந்தது. பற்றாசு தன் பிடியை விட்டிருந்தது.

ஏன் விட்டது? செம்பும் பற்றாசும் பலகையும் விளக்கின் உடலும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. அட்டை உழைக்கும்போது சூடேறுகிறது, ஓயும்போது குளிர்கிறது. நாள்தோறும் நிகழும் இவ்விரிவும் சுருக்கமும், வளைத்து வளைத்து ஒடிக்கப்படும் கம்பியைப்போல் பற்றாசை நலிவுறச் செய்கின்றன.

மருத்துவம் எளியது. இளக்கியை ஒரு துளி வைத்து, நுண்முனைக் கோலால் அக்காலை இரண்டு மூன்று நொடிகள் தொட்டு, சிறிது புதிய பற்றாசு ஊட்டினேன். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்றாசு 183 பாகையில் உருகும்; ஆலைகளில் இன்று வழங்கும் காரீயமில்லாப் பற்றாசுக்கு ஏறத்தாழ 217 பாகை வேண்டும். நெடுநேரம் சுட்டால் விளக்கின் நெகிழி உடல் இளகிவிடும்; விரைவே இங்குக் காப்பு. இறுதியில் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் கறையைத் துடைத்தேன். விளக்கையே மாற்ற நேர்ந்தால், அதன் மூலையிலுள்ள வெட்டுக்குறி பழைய திசையிலேயே அமைய வேண்டும். புதிய வரிசை வாங்குவோர் அட்டையின் மின்னழுத்தத்தை அளந்தே வாங்குக. 5 வோல்ட்டு வரிசையை 12 வோல்ட்டில் இணைத்தால் அது நொடியில் கருகும்.

அட்டையை மீண்டும் பொருத்தி, வெண்மையை ஆணையிட்டு, ஒரு மணிநேரம் கடும்பணி கொடுத்தேன். சூடு ஏறியது. ஆறாம் விளக்கை இமைக்காமல் பார்த்திருந்தேன். அது அணையவில்லை, அதற்கு அப்பாலுள்ள ஆறும் அணையவில்லை.

2022ஆம் ஆண்டில் உலகில் தோன்றிய மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் முறையாகச் சேர்த்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் மதிப்பீடு கூறுகிறது. "போய்விட்டது" என்னும் ஒரு சொல்லால் அம்மலையில் சேர்ந்தவை எத்தனையோ! என் அட்டைக்குத் தேவைப்பட்டது கடுகளவுப் பற்றாசு. அதை எங்கே இடவேண்டும் என்பதை அணைந்துபோன ஏழு விளக்குகள் முதல் நாளிலிருந்தே காட்டிக்கொண்டிருந்தன.