முதுமையியல் சான்றிதழ்ப் படிப்பும் ஆயர் பணியும்

காங்கேயம் வட்டாரத்துச் சபைகளில் ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று நோக்குவோமாயின், நரைத்த தலைகளே மிகுதியாகத் தென்படும். பிள்ளைகள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் கோவையிலும் கடல் கடந்தும் இருக்கின்றனர். பெற்றோர் தோட்டத்துச் சாளையில் தனித்து விடப்பட்டுள்ளனர். 2025-இல் சிவகிரியை அடுத்த தோட்டமொன்றில் முதிய தம்பதியர் கொலையுண்ட செய்தி வந்தபோது, அச்சத்தால் உறக்கமிழந்த பெரியவர்களை நாம் கண்டோம். தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடு; 2021-க்கு அரசு மதிப்பிட்டது 13.6 விழுக்காடு. மாநிலங்களுள் கேரளத்திற்கு அடுத்த இடம் நமக்கே.

இந்நிலையில், இணையவழி முதுமையியல் சான்றிதழ்ப் படிப்பு எதில் சேரலாம் என ஆயர்களும் இறையியல் மாணாக்கரும் வினவுகின்றனர். அஞ்சல்வழிப் பாடங்களைக் கற்றுத் தேறிய நம் தலைமுறையினருக்குத் தொலைவிலிருந்து பயில்வது புதிதன்று. தெரிவு செய்வதில்தான் இடர்ப்பாடு.

முதற்கண் இரு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். 1903-இல் மெச்னிகோவ் பெயரிட்ட முதுமையியல், மூப்பினை உடல், உள்ளம், சமூகம் ஆகிய எல்லா நிலைகளிலும் ஆராய்வது. 1909-இல் நாஷர் பெயரிட்ட முதியோர் மருத்துவம் மருத்துவருக்குரியது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இல் மருத்துவர் வி.எஸ். நடராசன் தொடங்கியது இப்பின்னதே. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதியோர் மருத்துவப் பட்டயமும் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றோர்க்கே உரியது. பெயரை மட்டும் கண்டு விண்ணப்பிப்போர் இதனை நினைவிற்கொள்க. நடுவணரசின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பில் சான்றிதழ்ப் பயிற்சிகளை நடத்துகின்றது. 'சுவயம்' தளத்தில் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டும். அயல்நாட்டுப் படிப்புகள் பல, முதியோர் இல்லத்தையே நடுவாக வைத்து எழுதப்பட்டவை. சாளையில் எருமையோடும் தென்னையோடும் வாழும் ஆத்தாளுக்கு அவற்றில் இடமில்லை.

பாடத்திட்டத்தில் நாம் முதலாவதாகத் தேட வேண்டியது சட்டம். இது நம்மவர் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் வீடு சந்திக்கச் சென்ற ஆயரிடம் தானப் பத்திரத்தில் சாட்சிக் கையொப்பம் கேட்கப்படுவதுண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. பேணுதல் வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் பேணத் தவறின், பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கும்படி அதன் 23-ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். காங்கேயத்தார்க்கு அது தாராபுரம். நிபந்தனை இருந்தமை மெய்ப்பிக்கப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022-இல் உரைத்தது. ஆகவே அவ்வொரு வரி பத்திரத்தில் உள்ளதா எனப் பாராமல் கையொப்பமிடும் ஆயர், கொர்பான் பற்றி எத்துணை நன்றாகப் பிரசங்கித்தும் பயன் சிறிதே.

அடுத்தது புலன்களும் நினைவும் குன்றுதல் பற்றிய பாடம். முன்னொரு சபையில் மூதாட்டி ஒருவர் நம் வாழ்த்துக்கு மறுமொழி கூறாது முகந்திருப்பிச் செல்வார். மனத்தாங்கல் என்றெண்ணி இரண்டாண்டுகள் அவர் இல்லம் செல்வதைக் குறைத்தோம். அவருக்குச் செவி அறவே கேளாது என்பதை அவர் மருமகள் வாயிலாக அறிந்தது அடக்க ஆராதனையன்று. இறையியல் பட்டம் இதனை நமக்குக் கற்றுத்தரவில்லை.

மூன்றாவது, களப்பயிற்சி. காணொளி கண்டு வினாக்களுக்கு விடை குறித்தவுடன் சான்றிதழ் அனுப்பும் படிப்புகள் மலிந்துள்ளன. சுவரில் மாட்ட அவை போதும். சேருமுன் நடத்துவோருக்கு எழுதி, முதியோருடன் நேரில் செலவிட வேண்டிய மணிகள் எத்தனை, அதனை மேற்பார்வையிடுபவர் யார், அப்பணியைத் தம் சபையிலேயே தமிழில் செய்து எழுதியளிக்க இசைவுண்டா என்று கேட்டறிக. விடை வரும்வரை பணம் அனுப்ப வேண்டா.