அடைப்பு நீங்கிய பின்னும் ஒரு பயணம்

ஆண் குழந்தை சிறுநீர் கழிக்கும் விதத்தைப் பெற்றோர் உற்றுக் கவனிப்பது நல்லது. சிறுநீர் தாரையாகப் பாயாமல் எப்போதும் சொட்டுச் சொட்டாக வடிந்தாலோ, குழந்தை முக்கிக் கழித்தாலோ, அடிவயிறு உப்பியிருந்தாலோ, காரணம் புலப்படாத காய்ச்சல் கண்டாலோ, காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிறுநீர்ப்பையிலிருந்து வெளியேறும் பாதையில் பிறவியிலேயே மெல்லிய சவ்வு மடிப்பு அமைந்து, சிறுநீரைத் தடுப்பதுண்டு. ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வரும் இக்குறை, ஏறத்தாழ 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்குக் காணப்படுகிறது. தடைக்கு எதிராக உந்தி உந்திச் சிறுநீர்ப்பையின் சுவர் தடிக்கிறது. அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களை வீங்கச் செய்கிறது. தாய் உண்டதோ செய்ததோ இதற்குக் காரணமன்று.

கர்ப்பகால ஸ்கேனில் இரு சிறுநீரகங்களும் வீங்கியும், பனிக்குட நீர் குறைந்தும் தென்பட்டால் இந்த ஐயம் எழும். ஆனால், ஸ்கேனில் காணும் சிறுநீரக வீக்கம் எல்லாம் அடைப்பாகாது. லேசான வீக்கம் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். எனினும், பிறந்தபின் மறுபரிசோதனை அவசியம்.

அடைப்பு உள்ள குழந்தைக்கு முதலில் மெல்லிய குழாய் செலுத்திச் சிறுநீரை வடியச் செய்வர். இரத்தப் பரிசோதனையும், சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயும் செய்தபின், நுண்ணிய உள்நோக்கிக் கருவியால் சவ்வை நீக்குவர். பெரும்பாலும் உடலின் வெளியே வெட்டுக்காயம் இராது.

"அடைப்பு நீங்கியது, இனி மருத்துவமனை எதற்கு?" என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. கருவிலேயே ஏற்பட்ட பாதிப்பு, குழந்தை ஓடி விளையாடும் நாளிலும் உள்ளே மெல்ல வளரக்கூடும். சிலருக்கு வளரிளம் பருவத்திலோ அதற்குப் பின்னரோ சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். ஆகவே, இரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், ஸ்கேன் ஆகியவற்றை மருத்துவர் குறிக்கும் நாளில் தவறாது பார்க்க வேண்டும்.

வீட்டில் மூன்றினை மறவாதீர்கள். படுக்கையை நனைக்கிறான் என்று மருத்துவர் சொல்லாமல் தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீரைச் செறிவாக்க இயலாத சிறுநீரகத்துக்கு அது கேடு. காய்ச்சல் வந்தால் கடையில் மருந்து வாங்கிக் கொடுத்துக் காத்திராமல், உடனே சிறுநீர்ப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். பள்ளியில் குறித்த நேரத்தில் சிறுநீர் கழிக்க அனுமதிக்குமாறு ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்.

மருத்துவக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். வளர்ந்தபின் அதனை மகனிடமே ஒப்படைத்து, அதில் உள்ளதை விளக்கிச் சொல்லுங்கள். தன் சிறுநீரகங்களைக் காக்கும் பொறுப்பு அன்று முதல் அவனுடையதும் ஆகும்.