சோளப்பொரி: சிறுமுதலில் ஒரு தொழில், சட்டத்துக்கு அமைய

காணியை விட்டு வந்த குடும்பம் நிலத்தை இழக்கிறது. தானியத்தைப் பற்றிய அறிவை இழப்பதில்லை. எந்த மணி காய்ந்தது, எதில் பூஞ்சணம் ஏறியது என்பதைக் கடித்தும் முகர்ந்தும் சொல்லக்கூடியவர்கள் எமது கமக்காரர்கள். இந்த அறிவைக் கொண்டு தொடங்கக்கூடிய தொழில்களில் ஒன்று, சோளப்பொரி தயாரித்துப் பையிலடைத்து விற்பது. அடுப்பு, மூடியுள்ள கனத்த தாச்சி, தராசு, பை ஒட்டும் கருவி ஆகியவையே முக்கிய தேவைகள்.

ஆயினும் தொடங்கிய சில மாதங்களில் இது கைவிடப்படுவதும் உண்டு. பொரி இளகிவிட்டதெனக் கடைக்காரர் பைகளைத் திருப்பி அனுப்புகிறார். சுட்டுத்துண்டு இல்லையெனப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் விற்பனையை நிறுத்துகிறார். முதலாவதற்குக் காரணம் ஈரம். இரண்டாவதற்குக் காரணம் சட்டத்தை அறியாமை. இரண்டையும் கற்றுக்கொள்ளலாம்.

எந்தச் சோளம்?

கோழித்தீனுக்கும் திரிபோஷாவுக்கும் பயன்படும் சாதாரண சோளம் நன்றாகப் பொரியாது. பொரிச்சோளம் தனி வகை. மணி சிறியது, தோல் கடினமானது. மணிக்குள் நூற்றுக்கு 13 முதல் 14 பங்கு வரை ஈரம் இருக்க வேண்டும். ஏறத்தாழ 180 பாகை செல்சியசில் அந்த ஈரம் நீராவியாகித் தோலை வெடிக்கச் செய்கிறது. மிகக் காய்ந்த மணி பொரியாமல் அடியில் தங்கும். ஈரம் கூடிய மணி சிறுத்து, சவ்வுபோலாகும்.

இதை அறியக் கருவி தேவையில்லை. 100 மணிகளை எண்ணிப் பொரித்துப் பாருங்கள். 90க்கு மேல் மலர்ந்தால் சோளம் நல்லது. காய்ந்து போயிருந்தால் ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி சுத்தமான நீர் சேர்த்து, இறுக மூடிய போத்தலிலிட்டு, இடையிடையே குலுக்கி, மூன்று நான்கு நாட்கள் வைத்துப் பொரியுங்கள்.

பூஞ்சணம் விடயத்தில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். ஈரமான சோளத்தில் வளரும் சில பூஞ்சணங்கள் அஃப்லாடொக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. நீண்டகாலம் உடலிற் சேர்ந்தால் இது ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அடுப்பின் வெப்பத்தில் இது முற்றாக அழியாது. எனவே பூஞ்சணம் கண்ட சாக்கைக் கழுவியோ காயவைத்தோ பயன்படுத்தக்கூடாது. மாரி காலத்தில் தகரக் கொட்டிலில் சாக்குகளை நிலத்தில் வைக்காமல், சுவரிலும் முட்டாமல், பலகைமேல் அடுக்குங்கள்.

பொரித்தலும் அடைத்தலும்

ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். காறல் மணம் பைக்குள் விரைவில் தெரியும். பொரிந்ததை அரிதட்டில் அரித்துப் பொரியாத மணிகளை நீக்குங்கள். அவை பல்லை உடைக்கும். பழைய பத்திரிகைத் தாளில் பொரியைப் பரப்பக்கூடாது. அச்சுமை உணவில் ஒட்டும்.

சூட்டோடு அடைத்தால் பைக்குள் வியர்த்துப் பொரி இளகிவிடும். நன்றாக ஆறியதும் தாமதிக்காது அடையுங்கள். மெல்லிய பொலித்தீன் ஈரக்காற்றை மெதுவாக உள்ளே விடும். உணவுக்கென விற்கப்படும் பல படலமுள்ள பை கூடிய நாள் தாங்கும். மெழுகுதிரியும் வாள் அலகும் கொண்டு ஒட்டுவது எமது ஊர்களில் வழக்கம். ஆனால் ஒட்டு ஒரே சீராக அமையாது. சிறிய மின் ஒட்டுக்கருவி அந்த நட்டத்தைத் தவிர்க்கும். கம்பி ஊசி குத்தி மூடவே கூடாது. அது குழந்தையின் வாய்க்குள் போகக்கூடும்.

காலாவதித் திகதியை ஊகித்துப் போடாதீர்கள். ஒரே நாளில் செய்த 15 பைகளை வைத்து, இரண்டு நாளுக்கொன்றாக உடைத்துச் சுவைத்துப் பாருங்கள். சுவையோ மொறுமொறுப்போ குறைந்த நாளுக்குச் சில நாட்கள் முந்தியதே உங்கள் திகதி.

சட்டம் கேட்பது என்ன?

இலங்கையில் உணவு உற்பத்தி 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டது. கருவி வாங்குமுன், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, தயாரிக்கும் இடத்தைக் காட்டுங்கள். கழுவக்கூடிய தளம், பாதுகாப்பான நீர், எலியும் பூச்சியும் புகாத களஞ்சியம், கைகழுவ வசதி ஆகியவற்றை அவர் பார்ப்பார். வயிற்றோட்டம் அல்லது கையில் புண் உள்ளவர் அன்று வேலை செய்யக்கூடாது. ஒவ்வொரு குடிசையிலும் இவ்வளவு வசதி செய்தல் கடினம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற ஓர் அமைப்பினூடாக ஒரு பொது இடத்தைச் சீராக்கி, முறைவைத்துப் பயன்படுத்துவது நல்லது. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவதையும், பிரதேச சபை அனுமதியையும் மறவாதீர்கள்.

சுட்டுத்துண்டில் உணவின் பெயர், நிகர நிறை, சேர்மானங்கள், தயாரித்தவர் பெயரும் முகவரியும், தொகுதி இலக்கம், உற்பத்தி மற்றும் காலாவதித் திகதிகள், உச்ச சில்லறை விலை ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும். மொழி, எழுத்தளவு பற்றிய விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், மாதிரியைப் பரிசோதகரிடம் காட்டிய பின்னரே அச்சிடுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பொரி தொண்டையில் அடைக்கலாம் என்பதையும் குறிப்பிடுதல் நன்று.

திண்ம உணவுகளுக்கு 2019இல் வந்த நிறக்குறியீட்டின்படி, 100 கிராமில் உப்பு 1.25 கிராமைத் தாண்டினால் சிவப்பு அடையாளம் வரும். ஒரு கிலோ மணியிலிருந்து எண்ணெயும் சேர்ந்து 900 கிராம் பொரி கிடைத்தால், 10 கிராம் உப்பு அந்த எல்லைக்குள் நிற்கும்; 12 கிராம் தாண்டிவிடும். உப்பைக் கையால் அள்ளாமல் நிறுத்துப் போடுங்கள். கொழுப்புக்கும் சீனிக்கும் தனித்தனி எல்லை உண்டு.

கணக்கு

அந்த 900 கிராமில் 20 கிராம் பைகள் 45 வரும். சோளம், எண்ணெய், உப்பு, எரிபொருள், பை, போக்குவரத்து, உங்கள் கூலி, திரும்பி வரும் பைகள் ஆகிய அனைத்தையும் எழுதிக் கூட்டி 45ஆல் வகுத்த பின்பே விலை பேசுங்கள். உங்கள் கூலியைச் சேர்க்காத கணக்கில் தெரிவது இலாபமல்ல.

ஒவ்வொரு நாளின் தொகுதி இலக்கத்தையும், எந்தக் கடைக்கு எத்தனை பை போனது என்பதையும் ஒரு கொப்பியில் பதியுங்கள். ஒரு நாட் தயாரிப்பில் பிழை நேர்ந்தால், அந்தப் பைகளை மட்டும் அன்றே மீளப்பெறலாம். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் எல்லாப் பைகளையும் கடைகளிலிருந்து எடுக்க நேரிடும். கடன்பட்டுத் தொடங்கிய எல்லாக் குடும்பங்களின் உழைப்பும் அதோடு போய்விடும்.