பெயர் தெரியாமல் கிடக்கும் நல்ல மென்பொருள்கள்

மாதச் சந்தா கட்டாமல் நல்ல மென்பொருள் கிடைக்குமா? லினக்ஸ் கணினி வைத்திருந்தால் தாராளமாகக் கிடைக்கும். 1993இல் தொடங்கப்பட்ட டெபியனின் 12ஆம் பதிப்பில் 64,000க்கும் மேற்பட்ட மென்பொருள் தொகுப்புகள் உள்ளன. ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால், பெயர் தெரிந்திருக்க வேண்டும்!

சிக்கலே அங்குதான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகளின் பழைய மடிக்கணினியில் டெபியன் போட்டுக் கொடுத்தேன். “சித்தி, பாடவேலைக்குக் குரல் பதிவை வெட்டி ஒட்டணும். காசு கட்டித்தான் வாங்கணுமா?” என்று கேட்டாள். தேவையில்லை, ஆடாசிட்டி இருக்கிறது. படம் திருத்த கிம்ப், காணொளி தொகுக்க கேடென்லைவ். இந்தப் பெயர்களை வைத்து அவற்றின் வேலையை யாரால் ஊகிக்க முடியும்?

அதனால் அவளுக்குச் சில வழிகளைக் காட்டினேன்.

முதலாவது, பெயரை விட்டுவிட்டு வேலையைச் சொல்லித் தேடுவது. கட்டளைத் திரையில் ‘ஏப்ட் சர்ச்’ கட்டளையுடன் ‘ஆடியோ எடிட்டர்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால், தொகுப்புகளின் விளக்கக் குறிப்புகளிலும் அது தேடும்.

பட்டியல் நீளமாக வரும். மற்ற மென்பொருள்களுக்குத் துணையாக இயங்கும் பாகங்களும் அதில் கலந்திருக்கும். அவற்றைத் தவிர்க்க, ‘க்னோம் சாஃப்ட்வேர்’ அல்லது ‘டிஸ்கவர்’ செயலியைத் திறக்கலாம். திரைப்பிடிப்புகளைப் பார்த்து, வகைவாரியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

எது அதிகம் பயன்படுகிறது என்று அறியவும் வழி உண்டு. சம்மதம் தெரிவித்த பயனர்களின் கணினிகளிலிருந்து விவரம் திரட்டி, ‘பாப்கான்’ என்ற பட்டியலை டெபியன் வெளியிடுகிறது.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், ‘டெபியன் ஜூனியர்’ திட்டத்தைப் பாருங்கள். ‘ஜூனியர்-ஆர்ட்’ என்று ஒரு பெயரைக் கொடுத்தால் போதும். டக்ஸ் பெயிண்ட் போன்ற ஓவிய மென்பொருள்கள் சேர்ந்தே வந்துவிடும்.

ஒரு மென்பொருளை எழுதுபவர் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார். அது நம் கையில் சேர்வதோ ஒருவரி விளக்கத்தை நம்பித்தான் இருக்கிறது. அந்த வரிகளைப் பிற மொழிகளில் பெயர்க்கும் பணியைத் தொண்டூழியர்களே செய்கிறார்கள். இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை; தெளிவான தமிழ் போதும். வேலை முடிந்து வீடு திரும்பும் இளையர்கள் வாரத்துக்கு 10 வரிகளைத் தமிழாக்கினாலும், ஆங்கிலத்தில் தேடத் தயங்கும் ஒருவருக்குக் கிடங்கின் கதவு திறக்கும்.