திறவுகோலைத் தந்தவர் தொடுத்த பாமாலை

ஒரே கூரையின்கீழ்ப் பணிபுரிவோர் மனம் ஒவ்வாமல் போவது இன்று தோன்றிய நோயன்று. ஒத்துழைக்க மறுக்கும் சக ஊழியரைப் பற்றிப் பிள்ளைகள் வீட்டில் குமுறும்போது, பெரியோர் எடுத்துரைக்கத் தக்க வரலாறு ஒன்றை வைணவ குருபரம்பரை நூல்கள் போற்றி வைத்துள்ளன.

கி.பி. 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமானுசர், திருவரங்கம் வந்து கோயில் நடைமுறைகளைச் சீர்செய்ய முனைந்தார். அப்போது கோயிலின் நிர்வாகமும் திறவுகோலும், புராணம் வாசிக்கும் உரிமையும் பெரிய கோயில் நம்பியிடம் இருந்தன. காஞ்சியிலிருந்து வந்த துறவி ஒருவர் புதிய ஒழுங்குகளைக் கூற, நம்பி அவற்றுக்கு இசையவில்லை.

நம்பியை விலக்கிவிடுவதே வழி என்று இராமானுசரும் முதலில் எண்ணினாராம். அவர் கனவில் பெரிய பெருமாள் தோன்றி, நம்பி நெடுநாள் தமக்கு அணுக்கமானவர் என்று உணர்த்தியருளினார். உடனே உடையவர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். நம்பியிடம் தாமே சென்று வாதிடவும் இல்லை. கல்வியும் பணிவும் ஒருங்கே நிறைந்த கூரத்தாழ்வானிடம் அவரைத் திருத்தும் பொறுப்பை ஒப்படைத்துக் காத்திருந்தார்.

அக்காலத்தில் நம்பியின் தாயார் பரமபதம் அடைந்தார். பதினோராம் நாள் சடங்கில் அமர்ந்து உண்ணத் தக்க ஒருவரை அனுப்புமாறு நம்பி உடையவரையே வேண்டினார். பலரும் ஏற்கத் தயங்கும் அவ்விடத்தில் ஆழ்வான் சென்று அமர்ந்தார். உண்டவர் ‘திருப்தி’ என்று கூறினாலன்றிச் சடங்கு நிறைவுறாது. வேண்டுவது யாதென நம்பி வினவ, ஆழ்வான் கோயில் திறவுகோலையும் புராண கைங்கரியத்தையும் வேண்டினார். நம்பி அவற்றை அளித்தார்.

துயருற்ற வேளையில் இவ்வாறு கேட்பது முறையோ என்று சிலர் ஐயுறலாம். பின்னர் நிகழ்ந்ததே அதற்கு விடை. பொறுப்பைப் பெற்றுக்கொண்டு நம்பியை ஒதுக்கியிருந்தால் அது வெறும் தந்திரமாக முடிந்திருக்கும். அவ்வாறு நிகழவில்லை. நம்பி ஆழ்வானையே ஆசாரியராகக் கொண்டார். உடையவரின் அணுக்கத் தொண்டருமானார். அவரே திருவரங்கத்தமுதனார். அவர் பாடிய இராமானுச நூற்றந்தாதியின் 108 பாசுரங்களிலும் இராமானுசர் திருநாமம் ஒலிக்கிறது. ஏழாம் பாசுரம் ஆழ்வானின் பெருமையைப் பேசுகிறது.

இக்காலப் பணியிடங்களிலும் முரண்டு பிடிப்பவர் பலர் தீயவர் அல்லர். பல்லாண்டு காத்த பொறுப்பு கைநழுவுமோ, தம் உழைப்பு மறக்கப்படுமோ என்னும் அச்சமே கடுஞ்சொல்லாக வெளிப்படுகிறது. அத்தகையவரின் பழைய உழைப்பை முதலில் மதித்தல் வேண்டும். நேருக்கு நேர் பேசினால் பகை வளருமாயின், இருவரும் மதிக்கும் நல்லவர் ஒருவரை நடுவே நிறுத்தலாம். அவருக்குத் துன்பம் நேரும் நாளில் விலகி நிற்றலாகாது. பொறுப்பு கைமாறிய பின்னும் அவருக்குரிய மதிப்பான இடம் குறையாமல் காத்தல் எல்லாவற்றினும் முதன்மையானது.

விலக்கியிருந்தால் திறவுகோல் மட்டுமே கிடைத்திருக்கும், நூற்றந்தாதி கிடைத்திராது. பிரபந்ந காயத்ரி என்று அடியார்கள் போற்றி நாள்தோறும் ஓதும் அப்பாமாலையைப் பெருமாள் சந்நிதியில் கேட்கும்போது, அதைத் தொடுத்தவர் ஒருகாலத்தில் இசைய மறுத்து நின்றவர் என்பதையும் நினைவிற்கொள்வோமாக.