கேர் பட்டியல் நீக்கத்திற்குப் பின் தமிழாய்வாளர்: பதிவு, கட்டுரை வெளியீடு, பணித்தகுதி குறித்த விதிகளின் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக மானியக்குழு, ஆய்விதழ்களுக்கான கேர் பட்டியலைக் கைவிடுவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. தமிழாய்வு மாணவர்கள் எங்கே கட்டுரை வெளியிடுவது, முன்னர் வெளியிட்டவை செல்லுமா, முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கக் கட்டுரை தேவையா என்னும் வினாக்கள் இதனையொட்டி எழுந்துள்ளன. 2016, 2022 ஆண்டுகளின் முனைவர் பட்ட நெறிமுறைகள், 2018ஆம் ஆண்டின் ஆசிரியர் நியமன விதிகள், கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள், நெட் தேர்வில் 2024இல் வந்த மாற்றம் ஆகியவற்றைத் தமிழ்த்துறை சார்ந்தோர் நிலையிலிருந்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கேர் பட்டியல், முனைவர் பட்ட நெறிமுறைகள், நெட் தேர்வு, கருத்துத் திருட்டு, ஆய்வு மதிப்பெண்.

முன்னுரை

தமிழ்த்துறைகளில் ஆய்வு விதிகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே பரவுகின்றன. மூத்த ஆய்வாளர் இளையவருக்குச் சொல்வதும், நெறியாளர் தம் காலத்து அனுபவத்தைக் கூறுவதும், அலுவலகப் பிரிவு எழுத்தர் தரும் குறிப்பும் விதிகளாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றுள் பல ஒரு காலத்தில் உண்மையாக இருந்தவை; விதி மாறியபின்னும் பழக்கம் மாறாமையால் நிலைத்துவிட்டவை. அரசிதழில் வெளியான விதியின் வாசகத்திற்கும் இவ்வழக்காற்றிற்கும் உள்ள இடைவெளியால் ஓர் ஆய்வாளர் ஓராண்டையோ பெருந்தொகையையோ இழக்க நேரிடுகிறது.

பதிவு நாளே அடிப்படை

முனைவர் பட்டத்திற்கான குறைந்தபட்சத் தரநிலைகளை மானியக்குழு மூன்று முறை அறிவித்துள்ளது. முதலாவது 2009 ஜூலை 11 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது 2016 ஜூலை 5 அன்றும், மூன்றாவது 2022 நவம்பர் 7 அன்றும் வெளியாயின. ஓர் ஆய்வாளர் எந்நாளில் பதிவு செய்தாரோ அந்நாளில் நடைமுறையிலிருந்த நெறிமுறையே அவருக்குரியது. 2022 நெறிமுறையும், தனக்கு முன் பதிவு செய்தோர் 2009 அல்லது 2016 விதிகளின்கீழ் அமைவர் என்றே கூறுகிறது. ஆகவே ஒரே நெறியாளரிடம், ஒரே அறையில் அமர்ந்து ஆய்வு செய்யும் இருவருக்கு வெவ்வேறு விதிகள் பொருந்துவதில் முரண் ஏதுமில்லை.

இவ்வேறுபாடு கட்டுரை வெளியீட்டில்தான் பெரிதும் புலப்படுகிறது. 2016 நெறிமுறை, ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் மதிப்பீட்டுக்குட்பட்ட இதழில் ஒரு கட்டுரையேனும் வெளியிடவும், கருத்தரங்குகளில் இரு கட்டுரைகள் படிக்கவும் வேண்டுமெனக் கட்டாயப்படுத்தியது. 2022 நெறிமுறை இக்கட்டாயத்தை நீக்கிவிட்டது. பல்கலைக்கழகம் ஒன்று தன் சொந்த விதிமுறையில் இதனைத் தொடரலாம். தொடர்ந்தால் அது அப்பல்கலைக்கழகத்தின் நிபந்தனை. அதனை மானியக்குழுவின் விதியென்று சொல்லி மாணவரை அலைக்கழிப்பது பொருந்தாது. ஆய்வாளர் தம் பல்கலைக்கழக விதிமுறையின் உரிய பிரிவை எழுத்தில் கேட்டுப் பெறுவது நலம்.

கால வரம்பிலும் கவனம் தேவை. 2022 விதிப்படி முனைவர் பட்ட ஆய்வுக்குப் பாடப்பணி உட்படக் குறைந்தது 3 ஆண்டுகள், மிகுதியாக 6 ஆண்டுகள். மறுபதிவின்வழி மேலும் 2 ஆண்டுகள் பெறலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையோருக்கும் கூடுதலாக 2 ஆண்டுகள் தரலாம். மொத்தம் 10 ஆண்டுகளைக் கடத்தல் கூடாது. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாகப் பெண்களுக்கு 240 நாள்கள் வரை உண்டு. இச்சலுகைகளைக் கேட்காமலேயே பதிவை இழப்போர் உள்ளனர் என்பதனால் இதனை இங்கே எழுத வேண்டியுள்ளது.

நெறியாளர் தொடர்பான பிரிவு பலரால் படிக்கப்படுவதில்லை. பேராசிரியர் 8 பேருக்கும், இணைப்பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப்பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே ஒரே நேரத்தில் நெறியாளராக இருக்கலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரைச் சேர்த்தல் இயலாது. முன்பே சேர்ந்தவர்க்கு ஓய்வு வரை நெறியாளராகவும், அதன்பின் 70 வயது வரை இணை நெறியாளராகவும் தொடரலாம். சேரும் முன்பே நெறியாளரின் ஓய்வு நாளை அறிந்துகொள்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஆய்வேட்டை ஒப்படைத்தபின், வாய்மொழித் தேர்வு உள்ளிட்ட மதிப்பீட்டுப் பணி முழுவதும் ஆறு மாதங்களுக்குள் முடிய வேண்டும் என்பதும் விதியே. இது மாணவருக்கு உரிய பாதுகாப்பு. ஒப்படைத்த நாளைக் குறிக்கும் ஒப்புகைச் சீட்டு இல்லாதவரால் இதனைக் கோர இயலாது.

பட்டியல் நீங்கியபின்

மானியக்குழு முதலில் 2017இல் ஏற்பளிக்கப்பட்ட இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. தரமற்ற இதழ்கள் அதில் பெருமளவு புகுந்தமையால் 2018 மே மாதத்தில் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அதன் தொடர்ச்சியாகவே கேர் என்னும் அமைப்பு உருவாகி, 2019இல் அதன் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் இடம்பெற்ற இதழ்களின் பெயரிலேயே போலி இணையத்தளங்கள் தோன்றிப் பணம் பெற்றுக் கட்டுரை வெளியிட்டன. தமிழில் ஆய்விதழ் நடத்துவோர் பலர் சிறு குழுவினர். பட்டியலில் சேர்வதற்கான காத்திருப்பு அவர்களுக்குச் சுமையாகவும், பட்டியலில் இருப்பது சிலருக்குச் சந்தையாகவும் ஆயிற்று. பட்டியல் நீக்கம் இந்நோக்கில் வருந்தத்தக்கதன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எனினும் பொறுப்பு இப்போது இடம் மாறியிருக்கிறது. இதழைத் தேர்வதற்கான அளவுகோல்களை மானியக்குழு பரிந்துரையாக மட்டுமே தந்து, மதிப்பிடும் பணியை நிறுவனங்களிடம் விட்டுள்ளது.

பட்டியல் போனதால் முன்னர் வெளியான கட்டுரைகள் மதிப்பிழக்குமோ என்னும் அச்சத்திற்கு விடை, 2018 நியமன விதிகளின் ஒரு சொல்லில் உள்ளது. அவ்விதிகள் மதிப்பெண் தருவது சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்குட்பட்ட இதழ்களில் ‘அல்லது’ மானியக்குழுப் பட்டியலில் உள்ள இதழ்களில் வெளியான கட்டுரைகளுக்கு. நடைமுறையில் பல நிறுவனங்கள் ‘அல்லது’ என்பதை மறந்து பட்டியலை மட்டுமே கேட்டன. பட்டியல் நீங்கினாலும் முதற்பகுதி அப்படியே இருக்கிறது. இனி ஒரு கட்டுரைக்கு வலிமை தருவது, அது மெய்யாகவே மதிப்பிடப்பட்டது என்பதற்கான சான்று. மதிப்பீட்டாளர் குறிப்புகள், அவற்றையேற்றுத் திருத்திய படி, பதிப்பாசிரியரின் ஏற்புக் கடிதம் ஆகியவற்றை ஆய்வாளர் பாதுகாத்து வைத்தல் வேண்டும். பட்டியல் இருந்த காலத்தில் வெளியிட்டோர், அன்றைய பட்டியலில் இதழின் பெயர் இருந்தமைக்கான பக்கத்தைச் சேமித்திருப்பின் அதனையும் அழியாது காக்க வேண்டும்.

இதழ்களின் தன்மையை அறிவதில் இரண்டு மயக்கங்கள் பரவலாக உள்ளன. பன்னாட்டுத் தொடர் வெளியீட்டு எண் என்பது ஓர் அடையாள எண் மட்டுமே. நூலகங்கள் இதழை இனங்காண உதவுவது. தரத்திற்கு அது சான்றாகாது. அடுத்தது தாக்கக் காரணி. 2018 விதிகள் தாம்சன் ராய்ட்டர்ஸ் பட்டியலின்படியே இதனைக் கணக்கிட வேண்டுமெனக் கூறுகின்றன. அட்டையில் தானே அச்சிட்டுக்கொண்ட எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரு தமிழிதழ் தனக்கு உயர்ந்த தாக்கக் காரணி இருப்பதாக விளம்பரம் செய்தால், ஐயத்துடன் அணுகுவதே அறிவுடைமை.

பதினான்கு சொற்கள்

2018 ஜூலையில் வெளியான கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள் ஒப்புமையை நான்கு நிலைகளாகப் பகுக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை எனில், ஆறு மாதங்களுக்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை எனில் ஓராண்டு ஒப்படைக்கத் தடை. 60ஐக் கடந்தால் பதிவே நீக்கம். ஆசிரியர்க்கும் தண்டனை உண்டு. மூன்றாம் நிலையில் இரு ஊதிய உயர்வுகளையும் மூன்றாண்டு நெறியாளர் தகுதியையும் அவர் இழக்கிறார்.

ஒப்புமையைக் கணக்கிடும்போது உரிய மேற்கோட் குறிப்புடன் எடுத்தாண்ட பகுதிகள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை முதலியவை விலக்கப்படும். பொதுவாக அறியப்பட்ட செய்திகளில் தொடர்ச்சியாகப் பதினான்கு சொற்கள் வரை ஒத்திருப்பதும் விலக்கு. இலக்கியப் பாடல்களை நிறைய மேற்கோள் காட்டும் தமிழ் ஆய்வேடு, மேற்கோள்களின் காரணமாகவே தண்டிக்கப்பட விதியில் இடமில்லை. மென்பொருள் காட்டும் விழுக்காடு வேறு. விலக்குகளைக் கழித்து வரும் விழுக்காடு வேறு. முதல் எண்ணை மட்டும் கண்டு ஆய்வேட்டைத் திருப்பியனுப்புதல் விதிக்கு மாறானது. அறிக்கையில் மேற்கோள்கள் விலக்கப்பட்டனவா என்பதைக் கேட்டறியும் உரிமை மாணவருக்கு உண்டு.

பதினான்கு சொற்கள் என்னும் அளவு ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது போலும். ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் அதே பொருளுக்கு ஐந்தாறு சொற்கள் வேண்டும். எனவே தமிழில் பதினான்கு சொற்கள் என்பது ஏறத்தாழ ஒரு பத்தியின் கருத்தையே தாங்கிவிடும். செய்யுளிலோ நிலை இன்னும் சிக்கலானது. சீர் பிரித்து அச்சிட்ட பதிப்பிலும் பதம் பிரித்து அச்சிட்ட பதிப்பிலும் ஒரே அடியின் சொல்லெண்ணிக்கை மாறும். மென்பொருள் இரண்டையும் வேறாகவே காணக்கூடும். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான பழைய ஆய்வேடுகள் கணினிக்குப் பொருளற்ற குறியீடுகளாகத் தோன்றுவதால், அவற்றிலிருந்து எடுத்தவை ஒப்புமையில் சிக்காமலே போகின்றன. மேற்கோள் காட்டிய நேர்மையாளருக்கு விழுக்காடு கூடுவதும், பழைய ஏட்டைப் படியெடுத்தவருக்குக் குறைவதும் இதன் விளைவு. தமிழ்த்துறைகளின் நேர்மைக் குழுக்கள் எண்ணைக் கடந்து ஏட்டைப் படித்தாக வேண்டும்.

நெட் தேர்வின் மூன்று வாயில்கள்

2024 ஜூன் சுற்று முதல் நெட் தேர்வின் முடிவு மூன்று வகையாக அறிவிக்கப்படுகிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகையுடன் உதவிப்பேராசிரியர் தகுதியும் பெறுவோர் முதல் வகை. உதவிப்பேராசிரியர் தகுதியும் முனைவர் பட்டச் சேர்க்கைத் தகுதியும் பெறுவோர் இரண்டாம் வகை. சேர்க்கைத் தகுதி மட்டும் பெறுவோர் மூன்றாம் வகை. முதல் வகையினர் நேர்முகத் தேர்வின்வழிச் சேர்க்கப்படுவர். பிற இரு வகையினர்க்கும் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்முகத் தேர்வுக்கு 30 விழுக்காடு. ஆனால் சேர்க்கைக்கு அம்மதிப்பெண் ஓராண்டு மட்டுமே செல்லும். காலியிடம் வரும் வரை காத்திருக்கலாம் என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

உதவித்தொகை 2023 சனவரி முதல் இளநிலைக்கு மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலைக்கு 42,000 ரூபாயாகவும் உயர்ந்துள்ளது. இளநிலைக் காலம் இரண்டு ஆண்டுகள்.

தமிழ் முதுகலையர்க்கு இத்தேர்வில் ஒரு தனித்த இடர் உண்டு. இரண்டாம் தாளின் 100 வினாக்களும் தமிழில் அமைகின்றன. அனைவர்க்கும் பொதுவான முதல் தாளின் 50 வினாக்களோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்வழியில் இளங்கலையும் முதுகலையும் பயின்றவர் தருக்கவியல், தரவு விளக்கம், படித்தறிதல் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எதிர்கொள்ள வேண்டியுள்ளது. பாடத்தில் வல்லவர் பலர் பின்தங்குவது இங்கேதான். எனினும் தகுதிக்கான குறைந்தபட்ச மதிப்பெண் இரு தாள்களையும் சேர்த்தே பார்க்கப்படுகிறது: பொதுப்பிரிவினர்க்கு 300க்கு 120, இடஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 105. தேர்வு எழுதியோரில் 6 விழுக்காட்டினரே தகுதி பெறுவதால் உண்மையான வரம்பு இதனினும் உயரும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாமையால் எந்த வினாவையும் விட்டுவிடலாகாது. முதல் தாளுக்கான பயிற்சியை முதுகலை முதலாண்டிலேயே துறைகள் தொடங்குவது, இறுதிப் பருவத்தில் நடத்தும் ஒருவாரப் பயிலரங்கைக் காட்டிலும் பயன் தரும்.

பணிக்குரிய புள்ளிகள்

பல்கலைக்கழக உதவிப்பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்னும் ஏற்பாடு ஒத்திப்போடப்பட்டு, 2023 ஜூனில் கைவிடப்பட்டது. நெட், செட் முதலிய தேர்வுகளே குறைந்தபட்சத் தகுதி. 2025 சனவரியில் மானியக்குழு வெளியிட்ட புதிய நியமன வரைவைத் தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. எந்த வரைவும் இறுதி வடிவில் அரசிதழில் வெளியாகும் வரை விதியாகாது என்பதனால் இங்கே 2018 விதிகளே கொள்ளப்படுகின்றன.

அவ்விதிகளின் அட்டவணைப்படி பல்கலைக்கழகப் பணிக்கான முன்தேர்வில் முனைவர் பட்டத்திற்கு 30 புள்ளிகள். உதவித்தொகையுடன் நெட் 7, நெட் மட்டும் 5, செட் 3. கல்லூரிப் பணிக்கு முனைவர் பட்டம் 25. உதவித்தொகையுடன் நெட் 10, நெட் 8, செட் 5. இப்புள்ளிகள் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதற்கு மட்டுமே பயன்படும். தேர்வு நேர்முகத்தின் அடிப்படையில் அமையும். அரசுக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் வெளியிடும் அறிவிக்கையைத் தனியே படித்தல் வேண்டும்.

கட்டுரை ஒன்றுக்கு 2 புள்ளிகள். பல்கலைக்கழகப் பணிக்கு உச்சவரம்பு 10. கல்லூரிப் பணிக்கு 6. அதாவது பல்கலைக்கழகத்திற்கு ஆறாவது கட்டுரையும் கல்லூரிக்கு நான்காவது கட்டுரையும் முன்தேர்வில் எதையும் கூட்டுவதில்லை. கட்டணம் செலுத்தி இருபது, முப்பது கட்டுரைகளை ஒரே ஆண்டில் வெளியிடும் இளையோர் இவ்வட்டவணையை ஒருமுறை பார்த்திருப்பின் அப்பணத்தை நூல்களுக்கும் களப்பணிக்கும் செலவிட்டிருப்பர்.

பதவி உயர்வு, இணைப்பேராசிரியர் நியமனம் ஆகியவற்றுக்கான ஆய்வு மதிப்பெண் வேறு கணக்கு. அங்கே மொழி, கலைப்புலக் கட்டுரை ஒன்றுக்கு 10. தேசிய அளவிலான பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு 10. மொழிபெயர்ப்பு நூலுக்கு 8. இருவர் இணைந்து எழுதினால் ஒவ்வொருவர்க்கும் 70 விழுக்காடு. மூவரோ அதற்கு மேலோ எனில் முதன்மை ஆசிரியருக்கு 70, ஏனையோர்க்கு 30 விழுக்காடு. எழுதாதவர் பெயரை மரியாதைக்காகச் சேர்க்கும் வழக்கத்தால் இணைவரிசையில் நிற்கும் மாணவர் இழப்பது எவ்வளவு என்பதை இவ்விகிதங்களைக் கொண்டு ஒவ்வொருவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.