வாஷிங் மெஷின் சத்தம்: காரணமும் பழுதும்

வாஷிங் மெஷினில் எந்தப் பாகம் கெட்டது என்பதை, திருப்புளியை எடுப்பதற்கு முன்பே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். சத்தம் எப்போது எழுகிறது என்று கவனித்தால் போதும். துவைக்கும்போது ஃபிரன்ட் லோட் டிரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 சுற்று சுழல்கிறது. பிழியும்போது அது 1,000 சுற்றைத் தாண்டும். அழுக்குத் தண்ணீரை வெளியேற்றத் தனியாக ஒரு சிறு பம்ப் உண்டு.

தண்ணீர் வடியும்போது மட்டும் கடகடத்தால் அந்தப் பம்பில் காசோ ஹேர்பின்னோ சிக்கியிருக்கும். முன்பக்கத்தின் அடிமூலையில் உள்ள சிறு மூடிக்குள் அதன் ஃபில்டர் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே சுடுநீர் இருந்தால் ஆறவிட்டு, தட்டு ஒன்றை அடியில் வைத்து மெதுவாகத் திருக வேண்டும்.

பிழியும்போது தடதடவென்று குதிப்பது சமநிலைக் கோளாறு. 25 செ.மீ. ஆரமுள்ள டிரம்மில் 300 கிராம் துணி ஒரே பக்கம் ஒதுங்கினாலும், 1,000 சுற்று வேகத்தில் அது 80 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கு ஈடான விசையுடன் வெளிப்புறமாக இழுக்கும். கனத்த போர்வையைத் தனியாகப் போட்டால் மெஷின் ஆடுவது இதனால்தான். துணியைப் பிரித்துப் போட்டும் குதித்தால் கால்களின் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். புது மெஷினாக இருந்தால், டிரம் ஆடாதிருக்கப் பின்புறம் முடுக்கி அனுப்பிய போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்றும் பார்க்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். டாப் லோட் மெஷினில் தொட்டியைக் கையால் அழுத்தி விட்டால் ஒருமுறை எழும்பி நின்றுவிட வேண்டும். ஊஞ்சலாடினால் சஸ்பென்ஷன் ராடுகள் தளர்ந்துவிட்டன. நான்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

வேகம் கூடக்கூட இரைச்சலும் ஏறினால் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, காலி டிரம்மைக் கையால் சுற்றினால் கரகரப்பு தெரியும். விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் டிரம் தொளதொளவென்று அசையும். ஆனால் குற்றம் தொடங்குவது பெரும்பாலும் பேரிங்கில் அல்ல, அதற்கு முன்னால் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீலில். சீல் தேய்ந்ததும் சோப்புத் தண்ணீர் கசிந்து கிரீஸைக் கரைக்கிறது, குண்டுகள் துருப்பிடிக்கின்றன. தொட்டியின் பின்புறம் வழிந்த துருக்கறை இதற்குச் சாட்சி. ஆகவே சீலை விட்டுவிட்டுப் பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண்வேலை; புதியதும் அதே வழியில் கெடும். மாற்றுப் பேரிங் பழையதில் பொறித்த எண்ணுடன் பொருந்த வேண்டும். 6205, 6206 ஆகியவை பரவலாகக் காணப்படும் எண்கள். புதிய பேரிங்கைத் தொட்டியில் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டுமே தட்ட வேண்டும். உள்வளையத்தில் விழும் அடி குண்டுகள் வழியே பாய்ந்து ஓடுதளத்தில் பள்ளம் போடும்.

இரைச்சலோடு மாதக்கணக்கில் ஓட்டினால் தண்டும் தேய்ந்து, செலவு பெருகும். சில மாடல்களில் வெளித்தொட்டி ஒட்டிச் சீலிடப்பட்டிருப்பதால் பேரிங்கைத் தனியாக எடுக்க வழியில்லை. தொட்டியை முழுதாக மாற்ற வேண்டும். அந்த மெஷின் பழையதென்றால், விலையைக் கேட்டறிந்த பிறகே பழுதுபார்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டும்.